குழாயில் தொங்கிய சிவப்பு அட்டை

மூன்று நாட்களாகப் பூனை சூட்டுத்தட்டின் மேல் உட்காரவில்லை.

கூடத்துத் தரையில் பதித்திருந்த அந்த இரும்புச் சல்லடை வழியாகத்தான் நிலவறையில் வீட்டைச் சூடாக்கும் எந்திரமான ஃபர்னஸின் சூடான காற்று மேலேறி வரும். அக்டோபரில் ஏறி உட்கார்ந்தால் ஏப்ரல்வரை நூடுல் என்ற அந்தப் பூனை அதை யாருக்கும் விட்டுத்தராது. இப்போதோ வாசல் கதவடியில், குளிர் கசியும் இடுக்கில் மூக்கை நுழைத்துக்கொண்டு படுத்திருந்தது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு டிகிரி ஃபாரன்ஹீட். மினசோட்டாவில் பிறந்த பூனைக்கு இது தெரியாமல் இருக்குமா என்று மார்னா யோசித்தாள். சன்னல் கண்ணாடிகளின் உட்புறம் நீர் வழிந்துகொண்டே இருந்தது. காலையில் எழுந்ததிலிருந்து நெற்றிக்குள் யாரோ கட்டைவிரலால் அழுத்துவது போல ஒரு வலி. ஐந்து வயது மகள் பிரிட் இரண்டு நாளாகச் சுரத்தில்லாமல் கிடந்தாள்; பள்ளிக்கு அனுப்பவில்லை.

ஃபர்னஸ் விசிறி கிறீச்சிடுகிறது, எண்ணெய் விட்டுப் போங்கள் என்றுதான் அவள் பழுது பார்க்கும் வெர்லினைக் கூப்பிட்டிருந்தாள். வந்தவர் ஒரு மணி நேரம் கீழேயே இருந்தார். பிறகு மேலே வந்து சன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துவைத்துச் சற்றுக் கழித்து மூடினார். இருந்த சூடெல்லாம் போயிற்று. வேண்டுமென்றே செய்கிறாரோ என்று அவளுக்குத் தோன்றியது.

"இதுக்கு முப்பத்தாறு வயசு ஆச்சும்மா. இனிமே ஓட்டக்கூடாது."

"சத்தம் மட்டும்தானே போடுது?"

"சத்தத்த விடுங்க. உள்ள நெருப்பு எரியிற பெட்டியில விரிசல். வெளிய போக வேண்டிய விஷவாயு வீட்டுக்குள்ள வருது. வாசனை இருக்காது. ஆளு தூங்கிட்டே போயிடுவாங்க. கன்னம் மட்டும் ரோஜாப்பூவாட்டம் செவந்திருக்கும், பாத்தா நல்லா இருக்காங்கன்னு தோணும்." அவர் சாதாரணமாகச் சொன்னார். "உங்களுக்குத் தலைவலி ஏதாச்சும்?"

"இல்லையே."

"விஷவாயு அலாரம் வச்சிருக்கீங்களா?"

"மேல ஒண்ணு இருக்கு."

இருந்தது. செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் அது நிற்காமல் அலறி, பிரிட் பயந்து அழுததால், பேட்டரியைப் பிடுங்கிச் சமையலறை இழுப்பறைக்குள் போட்டிருந்தாள். பழைய சாமான், குளிருக்குக் கத்துகிறது என்று அப்போது முடிவு செய்தாள். அதை இப்போது சொல்ல வெட்கமாக இருந்தது.

அவர் தன் கேமராக் கம்பியை எந்திரத்துக்குள் விட்டு எடுத்த படத்தைக் காட்டினார். கறுப்பில் ஒரு கறுப்புக் கோடு. கரியாக இருக்கலாம். கீறலாக இருக்கலாம். வேறு யார் வீட்டுப் படமாகவும் இருக்கலாம். சூடாக்குவது, கோடையில் குளிர்விப்பது இரண்டையும் சேர்த்துப் புதிதாய் மாற்றப் பதினான்காயிரம் டாலர், நான்கு நாள் ஆகும் என்றார். போன இலையுதிர்காலத்தில் ஒருவன் வந்து கூரையையே மாற்றச் சொன்னதும், பணம் கொடுத்து மாற்றிய பிறகு பழுது ஒரே ஒரு ஓடு என்று தெரிந்ததும் மார்னாவுக்கு நினைவு வந்தது. அவளுக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனால் அந்த ஊரில் சந்தேகத்தை முகத்தில் காட்டுவது அசிங்கம். எதற்கும் "சரி, அப்படியே செஞ்சிடலாம்" என்று சிரித்துவிட்டு, கதவைச் சாத்திய பிறகுதான் மனதில் உள்ளதைப் பேசுவார்கள்.

வெர்லின் எரிவாயு வால்வை மூடி, குழாயில் கம்பியால் ஒரு சிவப்பு எச்சரிக்கை அட்டையைக் கட்டினார். எந்திரத்தின் தகரத்தில், பழுது பார்த்தவர்கள் எல்லோரும் எழுதிவைத்த தேதிகளுக்குக் கீழே, தானும் பென்சிலால் எழுதினார். வண்டியிலிருந்து இரண்டு மின்சாரக் கணப்புகளைக் கொண்டுவந்து வைத்தார்.

"புள்ளைய கூட்டிக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போயிடுங்க. போயிடுவீங்கதானே?"

"கண்டிப்பா. கெளம்பிக்கிட்டே இருக்கேன்."

"சாயங்காலம் புது அலாரம் ஒண்ணு கொண்டாந்து வாசல்ல வைக்கிறேன்."

"ரொம்ப நல்ல மனசு உங்களுக்கு." இஞ்சி பிஸ்கட் ஆறு எடுத்து ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். அவரும் அந்த ஊர்க்காரர்தான். பிஸ்கட்டோடு அவள் பேச்சையும் நம்பி எடுத்துக்கொண்டு போனார்.

அக்கா லவோனுக்கு போன் செய்தாள்.

"சிவப்பு அட்டையா? ஐயோ, அது பழைய வித்தைடி. எங்க எதிர்வீட்டுலயும் இதே விரிசல் கதைதான். கூரைக்காரன்கிட்ட ஏமாந்தது பத்தலையா உனக்கு?"

"படம் காட்டினாரு."

"படம் எங்க வேணும்னாலும் கெடைக்கும். இங்க வர்றதுன்னா வா. ஆனா ரோட்டுல பனி அள்ளல, நாப்பது மைல். பாத்துக்க."

இரண்டாவது கணப்பைச் செருகியதும் வீட்டில் பாதிக்கு மின்சாரம் போயிற்று. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு சோபாவில் பிரிட்டைச் சுற்றி மூன்று போர்வை போட்டாள். சுவரில் வெப்பமானியின் எண் அறுபத்தெட்டிலிருந்து ஐம்பத்தொன்றுக்கு இறங்கிவிட்டது. பிரிட்டின் விரல்கள் சில்லிட்டிருந்தன.

"அம்மா, குளுருது."

சன்னலில் வழிந்த நீர் இப்போது பனியாய் உறைந்திருந்தது. அதைச் சுரண்டிப் பார்த்தாள். அந்த ஆளின் வண்டி இன்னும் தெருவோரம், எஞ்சின் ஓடியபடி நின்றது. இவ்வளவு நேரம் எதற்கு? குளிரில் அவள் பணிந்து வருவாள் என்று காத்திருக்கிறானா? மறுபடி பார்த்தபோது வண்டி இல்லை. அதுவும் அவளுக்கு நிம்மதி தரவில்லை.

கைவிளக்கோடு நிலவறைக்கு இறங்கினாள். ஈரச் சிமெண்டும் பழைய தூசியும் மணத்தன. தகரத்தில் பென்சில் எழுத்துகளை வரிசையாகப் படித்தாள். ஏழு வருடத்துக்கு முந்தைய தேதியில் வேறொரு கையெழுத்து: 'மெல்லிய கோடு. கவனிக்கவும்.'

மார்னா சிரித்துவிட்டாள். ஏழு வருடம். யார் செத்தார்கள்? அப்படியென்றால் இது இவர்களுக்குள் கைமாறி வரும் பொய். அதற்குக் கீழே இன்றைய தேதியில் 'பற்றவைக்காதே' என்று இருந்தது. அவள் அட்டையைப் பிய்த்துத் தரையில் போட்டாள். வால்வைத் திருப்பி, குமிழை அழுத்திக்கொண்டு, நீளத் தீக்குச்சியை நீட்டினாள். நீலச் சுடர் பிடித்தது. ஓசையோடு நெருப்பு பரவியது. பிறந்தநாள் பரிசு கிடைத்த மாதிரி இருந்தது அவளுக்கு.

மேலே வரும்போது சல்லடையிலிருந்து இதமான காற்று வந்தது. தக்காளி சூப்பைச் சுடவைத்தாள். பிரிட் இரண்டு வாய் குடித்தாள், வேண்டாம் என்றாள், கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கட்டும்.

நாலரைக்கு இருட்டிவிட்டது. சூடேறும்போது குழாய்த் தகரம் டொக், டொக்கென்று விரியும். அது பழகிய சத்தம். இன்று அது காலடி வைத்து நடந்தது. சுவருக்குள் ஏறி, கூரையில் நின்று, மீண்டும் இறங்கி வந்தது. நிலவறையில் யாரோ இருமினார்கள். விசிறிதான். விசிறி இருமுமா? அந்த ஆள் நிலவறையின் வெளிக்கதவைப் பூட்டிவிட்டுப் போனானா? அவள் பார்க்கவில்லை. படிக்கட்டுக் கதவைத் தாழிட்டு, நாற்காலியை நகர்த்தி முட்டுக்கொடுத்தாள். அந்தச் சின்ன வேலைக்கே மூச்சு வாங்கியது. கால்கள் ஊறின மரமாய்க் கனத்தன.

பூனை வாசல் கதவைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. விடாமல்.

"சும்மா இரு, நூடுல்."

டொக். டொக். இரண்டு காலடி. ஒரு நிறுத்தம். மூன்று காலடி.

சன்னலில் மஞ்சள் வெளிச்சம் ஊர்ந்து நின்றது. வண்டி. அதே வண்டி.

விளக்கை அணைத்தாள். கணப்பின் செருகியைப் பிடுங்கினாள். சோபாவின் பின்னால் குந்தினாள்.

தட்டல்.

"மார்னாம்மா?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தலைக்குள் கட்டைவிரல் இப்போது முஷ்டியாகியிருந்தது.

மீண்டும் தட்டல். பிறகு கதவுக்கு அந்தப் பக்கம் அவர் தனக்குத் தானே பேசிக்கொண்டது கேட்டது. "இருட்டா கெடக்கு. அக்கா வீட்டுக்குப் போயிட்டாங்க. நல்லதாப் போச்சு." படியில் ஒரு பெட்டி வைக்கும் சத்தம். பனியில் பூட்ஸ் நொறுநொறுத்துத் தேய்ந்தது. வெளிச்சம் சுவரில் திரும்பிப் போயிற்று.

ஜெயித்துவிட்டாள். சந்தோஷமாக இருந்தது. எழ முடியவில்லை. பரவாயில்லை, தவழ்ந்தே வந்தாள். பூனையின் பிறாண்டல் எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கைவிளக்கைப் பிரிட்டின் முகத்தில் அடித்தாள். இரண்டு நாளாகச் சோகை பிடித்துக் கிடந்த முகம். இப்போது கன்னம் இரண்டும் ரோஜாப்பூவாட்டம் சிவந்திருந்தன. ரோஜாப்பூ. யாரோ இதைச் சொன்னார்கள். யார்? எப்போது? நல்லதாகத்தான் ஏதோ சொன்னார்கள். நல்லா இருக்காங்கன்னு.

"பாரு. சூடு வந்ததும் எப்படி ஆயிட்டா என் கண்ணு."

பக்கத்தில் தலையைச் சாய்த்தாள். கைவிளக்கு உருண்டு போய்ச் சுவரோரம் நின்றது.

கீழே விசிறி மறுபடி சுழலத் தொடங்கியது. சூடான காற்று கூடத்தில் பரவியது. பிரிட்டின் நெற்றியிலிருந்த முடி மட்டும் எழும்பிப் படிந்து, எழும்பிப் படிந்துகொண்டிருந்தது. போர்வை அசையவில்லை.