கொலை விழும் நாளின் காற்று

செவ்வாயின் மூன்றாம் குவிமாடத்தில், கொலை விழும் நாட்களில் காற்றுத் துறைக்குக் காலையிலேயே தகவல் வந்துவிடும். நாடகத் தொடர் எடுப்பவர்கள் அனுப்புவார்கள்: 'இன்று கத்திக்குத்து ஒன்று, கட்சித் தாவல் ஒன்று.' கத்திக்குத்துக்கு நான்கு சதவீதம், கட்சித் தாவலுக்கு இரண்டு என்று பிராணவாயுவைக் கூடுதலாகத் திறந்துவிட வேண்டும். கண்ணுக்குள் பதித்த உட்திரையில் நாற்பதாயிரம் பேரும் ஒரே நேரத்தில் தொடர் பார்க்கிறார்கள். நாற்பதாயிரம் பேருக்கும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்குகிறது. மூடிய குவிமாடம் அதைத் தாங்க வேண்டும்.

அதை அளப்பது பொற்கொடியின் வேலை. பதவியின் பெயர் மூச்சளவர்.

அன்று வந்த தகவல் ஒரே வரி: 'முதலமைச்சருக்கு விஷம் வைத்தவர் யார் என்று இன்று தெரியும்.' ஐந்து வருடக் கேள்வி. தொடரில் வரும் முதலமைச்சர்தான். ஆனாலும் அவர் செத்த வாரம் பாதி ஊர் சமைக்கவில்லை. பொற்கொடி இருபத்தைந்து சதவீதம் ஒதுக்கிவைத்தாள்.

மாலை நாலரைக்குப் பெரிய காற்றுத் தொட்டியில் விரிசல் விட்டது.

அடைத்து முடிக்க இரவு எட்டு மணி ஆகிவிடும். மிச்சக் காற்றும் எட்டு வரை வரும், எல்லோரும் அமைதியாக மூச்சு விட்டால். தொடர் ஏழு மணிக்கு. மூச்சின் அளவு மானியின் சிவப்புக் கோட்டைத் தாண்டினால் கிழக்குப் பகுதியின் காற்றை அடைத்து மற்ற பகுதிகளைக் காப்பாற்ற வேண்டும் என்பது சட்டம். அடைக்கும் கைப்பிடி பொற்கொடியின் மேசையில் இருந்தது. கிழக்கில் ஒன்பதாயிரம் பேர். அவள் கணவன் இருதயராஜும் அங்கேதான்.

"தொடர நிறுத்திருங்க சார்" என்றாள்.

துறைச் செயலர் அருளப்பன் தலையில் கைவைத்தார். "போன வருஷம் பத்து நிமிஷம் நின்னுச்சே, மறந்துட்டியாம்மா? தெருவுல எறங்கிக் கத்துனானுங்க. முப்பத்தஞ்சு சதவீதம்!"

"பழசு ஏதாவது போடுங்க."

"ஏமாத்துறோம்னு அதுக்கும் கத்துவானுங்க. நம்ம துறை அமைச்சர் பேசுனாத்தான், முடிஞ்சதும் தொடர் வரும்னு உக்காந்திருப்பானுங்க. அவரு உண்மையையே சொல்றேன்னுட்டாரு."

"சாகப்போறீங்கன்னா? பயத்துலயே பாதிக் காத்தக் குடிச்சிருவாங்க! கைப்பிடிய இழுக்கப்போறது நீங்க இல்ல சார், நான்!"

"வேற வழி சொல்லு, கேக்குறேன்."

பொற்கொடி நாற்காலியைக் கைப்பிடிக்கு அருகே இழுத்துப் போட்டாள்.

ஏழு மணிக்கு எல்லா உட்திரைகளிலும் அமைச்சர் வந்தார். தாளைப் பார்த்துப் படித்தார். "பொருள்: பிராணவாயு இருப்புக் குறைவு, உயிரிழப்பு வாய்ப்பு, பொதுமக்களுக்குத் தெரிவித்தல் தொடர்பாக." பொற்கொடி கைப்பிடியைப் பிடித்தாள். அமைச்சர் தாளைக் கீழே வைத்துவிட்டு நேராகவே சொன்னார்: "தொட்டி உடைஞ்சிருக்கு. எட்டு மணிக்குள்ள சரியாகலன்னா நாம எல்லாரும் செத்துருவோம்." கேட்காமல் போயிருக்குமோ என்று மறுபடியும் சொன்னார்.

அளவுக்கோடு அசைந்தது. கீழே போனது.

பொற்கொடி மானியைத் தட்டிப் பார்த்தாள். பழுதில்லை.

"என்னம்மா?"

"தூங்கும்போது வர்ற அளவு சார் இது."

அமைச்சர் விடாமல் ஒரு மணி நேரம் சாவைப் பற்றிப் பேசினார். கோடு ஒரு முறைகூட ஏறவில்லை. எட்டுக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது விரிசலை அடைத்துவிட்டார்கள். அருளப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பொற்கொடியின் விரல்கள் கைப்பிடியிலிருந்து நிமிர மறுத்தன. ஒவ்வொன்றாக மறு கையால் பிரித்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள். சிரிப்புதான் வந்தது.

உடனே கணவனை அழைத்தாள். "நல்லாருக்கீங்களா? மூச்சு விட முடியுதா?"

"அதுக்கென்ன கேடு? அந்த ஆளு ஒரு மணி நேரமா எதையோ பேசிக் கழுத்தறுத்துட்டான். எங்க தெருவுல அத்தனை பேரும் கண்ண மூடித் தூங்கிட்டோம்." இருதயராஜின் குரல் தாழ்ந்தது. "ஏய், உங்க ஆபீசுக்குத்தான் முன்னாடியே சொல்லிருவாங்களே. வெஷம் வச்சது யாருடி?"

கேட்கும்போதே அவனுக்கு மூச்சு வாங்கியது. பொற்கொடி சிரித்துக்கொண்டே கிழக்குக்குக் கொஞ்சம் காற்றைக் கூட்டிவிட்டாள்.