நானூற்று அறுபது வாட் பிடிவாதம்

"உறங்குற எஞ்சினீயர் நான்தான்… எங்க உங்க வாத்து முட்டை?"

தொம்மி திரும்பிப் பார்த்தான். படகிலிருந்து இறங்கிய பெண் குடையை மடக்கிக்கொண்டு நின்றாள். குட்டநாட்டு மழை அவள் நெற்றியில் ஒரு முடிக்கற்றையை ஒட்டவைத்திருந்தது. அதன் கீழே இரண்டு கண்கள்… கோபமாக இருந்தும் அழகாயிருந்தன.

காலையிலிருந்து மின்சார அலுவலகத்துக்கு நான்கு முறை போன் செய்தவன் அவன்தான். 'உங்க சப்-எஞ்சினீயர் உறங்கிட்டிருக்காரா?' என்று நாலாவது முறை கத்தியிருந்தான். அந்த 'அவர்' ஒரு 'அவள்' என்று யாரும் சொல்லவில்லையே!

"ரின்சி." அவள் பெயரைச் சொல்லிவிட்டு முன்னே நடந்தாள்.

பொரிப்புப் பெட்டிக்குள் ஆயிரத்து இருநூறு முட்டைகள். இருபத்தெட்டு நாளில் பொரிய வேண்டியவை. இன்று இருபத்தாறாம் நாள். முப்பத்தேழரை டிகிரி இருக்கவேண்டிய சூடு நேற்று மதியத்திலிருந்து முப்பத்து நாலுக்கு மேல் ஏறவேயில்லை. இன்னொரு ராத்திரி இப்படியே போனால் ஓட்டுக்குள்ளேயே எல்லாம் முடிந்துவிடும்.

"நேத்து பெட்டியைச் சூடாக்குற பழைய காயில் எரிஞ்சு போச்சு மேடம். நானூத்து அறுபது வாட். அது கிடைக்கல, அதனால இருநூத்து முப்பது வாட் காயில் ரெண்டு வாங்கி மாட்டினேன். கூட்டினா அதேதானே? உங்க கரண்டுக்குத்தான் சத்தில்ல!"

"எம்மகன் கணக்குல புலி, மோளே," என்றாள் அம்மா ஏலியம்மா, கழுத்து ஜெபமாலையை உருட்டியபடி.

ரின்சி மீட்டரை வைத்தாள். வோல்டேஜ் இருநூற்று முப்பது… அட்சரம் பிசகவில்லை. பிறகு ஒயரைக் கவ்விப் பார்க்கும் கிளாம்பை மாட்டினாள். அரை ஆம்பியர்!

"இருநூத்து முப்பதை அரையால வகுங்க. தடை எவ்ளோ?"

"நானூத்து அறுபது ஓம்."

"இப்ப வோல்டேஜையும் ஆம்பியரையும் பெருக்குங்க."

"நூத்து… பதினஞ்சு வாட்." அவன் குரல் இறங்கியது.

"வேணும்ங்கிறதுல கால்வாசி! சேட்டன் ரெண்டையும் பெருநாள் விளக்கு மாதிரி ஒண்ணு பின்னால ஒண்ணா கோத்திருக்கீங்க."

பத்து வருடமாகச் சுற்று வட்டாரத் தேவாலயங்களுக்கெல்லாம் பெருநாள் விளக்கு கட்டுபவன் தொம்மி. ஆறு வோல்ட் குட்டி பல்புகள் நாற்பதைச் சரமாகக் கோத்தால் ஆளுக்குக் கொஞ்சமாய் வோல்டேஜைப் பங்கு போட்டுக்கொள்ளும். அங்கே அதுதான் சரி. பழகிய கை இங்கேயும் அதையே செய்துவிட்டது. ஆனால் மானம் என்று ஒன்று இருக்கிறதே…

"எனக்கே ஒயரிங் சொல்லித் தர்றீங்களா? இந்தக் கையைப் பாத்து ஊரே கும்பிடுது!"

"அப்போ முட்டையையும் கும்பிடச் சொல்லுங்க. சப்ளை சரியா இருக்கு. நான் கிளம்பறேன்."

குடை விரிந்தது. போய்விட்டாள்.

"புலி இப்ப பூனை மாதிரி நிக்குது," என்றாள் ஏலியம்மா.

தொம்மி ஒரு முட்டையை எடுத்துக் காதில் வைத்தான். சத்தமில்லை. அட்டைத் தட்டின் ஓரத்தில் பென்சிலால் அந்தக் கணக்கைத் தானே போட்டுப் பார்த்தான். ஒரு காயிலின் தடை இருநூற்று முப்பது ஓம். இரண்டையும் ஒரே வழியில் கடக்கச் சொன்னால் கரண்ட் திணறிப் பாதியாகிறது. தனித்தனி வழி விட்டால்? ஒவ்வொன்றுக்கும் முழு வோல்டேஜ், ஒவ்வொன்றிலும் ஒரு ஆம்பியர்… மொத்தம் இரண்டு. இருநூற்று முப்பதை இரண்டால் பெருக்கினால்… நானூற்று அறுபது!

செருப்பைக்கூடப் போடாமல் படகுத்துறைக்கு ஓடினான். படகுக்குக் காத்திருந்த பத்துப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மேடம்! தப்பு என்னோடதுதான்! வாங்க… குஞ்சுங்க செத்துடும்!"

"இன்னும் சத்தமா," என்றார் கள்ளு இறக்கும் குஞ்ஞப்பன். "அக்கரைக்குக் கேக்கல."

"தப்பு என்னோடது!" மழையை மிஞ்சிக் கத்தினான்.

அவள் உதடு மடங்கியது. சிரிப்பை அடக்குகிறாளா? குடையோடு அவன் வீட்டுப் பக்கமே திரும்பி நடந்தாள்.

மெயினை அணைத்துவிட்டு அவளே டார்ச் பிடித்தாள். அவன் காயில் இரண்டையும் பிரித்துத் தனித்தனி வழியில் இணைத்தான். சுவிட்சைப் போட்டதும் கிளாம்பில் இரண்டு ஆம்பியர். முப்பத்தைந்து… முப்பத்தாறரை… முப்பத்தேழரை. டக்! போதும் என்று தெர்மோஸ்டாட் தானாகவே காயிலை நிறுத்தியது. நேற்றிலிருந்து கேட்காத சத்தம்.

அவள் ஒரு முட்டையை எடுத்து இருவருக்கும் நடுவில் பிடித்தாள். இரண்டு தலைகள் குனிந்தன. உள்ளே… மிக மெல்ல… 'டிக்'.

"உயிரோட இருக்கு!" அவள் கண்கள் நிறைந்துவிட்டன. கோபத்தில் அழகாயிருந்தவை இப்போது தாங்க முடியாத அழகு.

"மேடம்… அடுத்த படகுக்குப் பத்து நிமிஷம் இருக்கு. அதுக்குள்ள சொல்லிடறேன். எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. தப்பா இருந்தா இதையும் திருத்திடுங்க."

ஜெபமாலை உருளும் சத்தம் நின்றது.

ரின்சி முட்டையைப் பதமாகத் தட்டில் வைத்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"ரெண்டு தடவை பாத்துட்டேன் சேட்டா… இதுல தப்பு ஒண்ணும் தெரியல."