இழை இல்லாத வால்வு

“அது செத்த வால்வு இல்லீங்க!”

முதுகுக்குப் பின்னாலிருந்து வந்த அந்த நாலு வார்த்தையில் மர்சலினின் முக்கால் மணி நேரப் பேரம் செத்தது.

யுத்தம் முடிந்து, பட்டாளத்துச் சாமான்கள் லஸ் முனைக் கடைகளில் வந்து குவிந்திருந்த சமயம். கடைக்காரர் மெஹபூப் அலி எந்த வால்வையும் பேட்டரியில் வைத்துப் பார்ப்பார். உள்ளே இழை சிவந்தால் விலை, சிவக்காவிட்டால் செத்த வால்வுக் கூடை. வோல்டேஜை ஆடவிடாமல் பிடித்துவைக்கும் வாயு வால்வுக்கு இழையே கிடையாது என்பது அவருக்குத் தெரியாது. சாந்தோம் பெண்கள் பள்ளி சயன்ஸ் டீச்சர் மர்சலினுக்குத் தெரியும். “புள்ளைங்களுக்குக் காட்டத்தான் பாய்... வெறும் கண்ணாடிதானே” என்று அலுத்துக்கொண்டே நாலணாவுக்கு இறக்கி வைத்திருந்தாள்.

“இன்னாது, நல்லதா கீதா?” மெஹபூப் அலியின் காது நீண்டது, கையும் நீண்டு வால்வைப் பிடுங்கிக்கொண்டது. “அப்போ அஞ்சு ரூபா, தங்கச்சி!”

மர்சலின் திரும்பினாள். நெடுநெடுவென்று ஒருவன். நனைந்த முடி நெற்றியில். கண்ணில் மட்டும் அப்படியொரு நல்ல பிள்ளைத்தனம்... அதுதான் இன்னும் எரிச்சல்!

விடுவிடுவென்று மழையில் இறங்கினாள். அவன் வால்வை வாங்கிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தான்.

“டீச்சர்... நான் லியோனார்டு. இந்தாங்க, வெச்சுக்குங்க.”

“தர்மமா? உங்களை யாருங்க கூப்பிட்டா?”

“உங்களுக்குத் தெரியாதேன்னு...”

“ஓ! பொம்பளைக்கு வால்வு எங்கே தெரியப் போவுது, அப்படித்தானே?” மழைத்துளி தொங்கிய இமைகள் படபடத்தன. “நான் கட்டின ரேடியோ, பொழுதுசாய ஊரெல்லாம் விளக்கு போட்டா வோல்டேஜ் இறங்கி ஸ்டேஷனை நழுவ விடுது. சனிக்கிழமை எங்க பள்ளித் தலைவி மதர் வந்து பார்ப்பாங்க. நழுவாம நின்னாத்தான் எங்க பொண்ணுங்களுக்கு ரேடியோ வகுப்பு. இல்லேன்னா தையல் வகுப்பு! உங்க வாயால அது போச்சு!”

அவன் தலை குனிந்தது. “உண்மையைச் சொல்லட்டுமா... இதே வால்வு ரெண்டை நான் பொசுக்கிட்டேன். அதனாலதான் அடையாளம் தெரிஞ்சுது.”

“எத்தனை ஓம் ரெசிஸ்டன்ஸ் போட்டீங்க?”

“போடணுமா?”

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. இவன் முன்னாலா சிரிப்பது! உதட்டைக் கடித்துக்கொண்டாள். பேசிய நாலணாவை அவன் கையில் வைத்து வால்வை எடுத்துக்கொண்டாள். “சனிக்கிழமை சாந்தோம் பள்ளிக்கு வாங்க. எப்படிக் கட்டுறதுன்னு பார்த்துக் கத்துக்குங்க!”

வந்தான். மாணவிகளுக்குப் பின்னால் கடைசி வரிசையில் சலவைச் சட்டையோடு உட்கார்ந்தான்.

மாலை ஆறரை. பள்ளிக்கூடத்து விளக்குகள் இளைத்து மஞ்சளாயின. மர்சலின் குனிந்து பார்த்தாள்... வால்வுக்குள் ஊதா ஒளி அசையாமல் நின்றது. ரேடியோவில் பாடிக்கொண்டிருந்தவர் இம்மியும் நழுவவில்லை!

மதர் மலர்ந்துபோய், அவளைத் தாண்டிக் கடைசி வரிசையைப் பார்த்தார். “சபாஷ், தம்பி! நீதானே கட்டிக் கொடுத்தே?”

மர்சலினின் காது மடல் சிவந்தது. மூணு மாசம் விரலைச் சுட்டுக்கொண்டு ஈயம் பற்றவைத்தவள் இங்கே நிற்கிறாள்!

லியோனார்டு எழுந்தான். “மதர், நான் இந்த வால்வு ரெண்டை எரிச்ச முட்டாள். இது முழுக்க டீச்சர் கட்டினது. எனக்கே இவங்கதான் சொல்லித் தரணும்.”

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவன் முகம் கன்றிப்போயிற்று, ஆனாலும் உட்காரவில்லை. மதர் மர்சலினைப் பார்த்தார். “திங்கட்கிழமையே வகுப்பை ஆரம்பிச்சிடும்மா.”

வராந்தாவில் மழை. அவன் மெல்ல வந்து நின்றான்.

“இன்னும் கோபமா?”

“பின்னே? எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களே, அது சாகிற வரைக்கும் ஆறாது.”

“அப்போ நான் என்ன செய்யட்டும்?”

அவள் மழையைப் பார்த்தபடி சொன்னாள். “சாகிற வரைக்கும் பக்கத்துலயே இருந்து திட்டு வாங்கணும்... எனக்கு உங்களை அவ்வளவு பிடிச்சுப்போச்சு. போதுமா?”

“சம்மதம், டீச்சர்!”

“இவ்வளவு சீக்கிரமாவா? யோசிச்சுச் சொல்லத் தெரியாதா?” என்று அதற்கும் சீறினாள்... பிடித்த அவன் விரலை மட்டும் விடவில்லை.