நாற்பத்தொரு பேருக்கும் ஒரே காய்ச்சல்

பொட்டலத்தை அவிழ்த்ததும் நனைந்த கம்பளி வாடை குப்பென்று வந்தது. ஏழு வருஷமாக அலமாரிக்கு மேல் காய்ந்த வெள்ளைத் துணிக்குள் கிடந்த புத்தகம் அது. மாத்தளை டவுனிலும் அன்று பிற்பகல் நல்ல வெயில். அழகமுத்து மூக்கைத் தேய்த்துக்கொண்டார். மேசைக்கு எதிரே இருந்த ஆவணக் காப்பக உத்தியோகத்தர் சுசீலாதேவிக்கு ஒன்றும் மணக்கவில்லை போலிருந்தது. அந்த அம்மா பாட்டுக்குப் பேனாவுக்கு மை நிரப்பிக்கொண்டிருந்தார்.

அழகமுத்து ஊத்துமலைத் தோட்டத்தில் இருபத்தாறு வருஷம் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். விடிய ஆறு மணிக்குப் பெரட்டுக்களத்தில் நின்று, தொழிலாளர்களை ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு, யார் எந்த மலைக்கு வேலைக்குப் போவது என்று பிரித்து அனுப்புவது அவர் வேலை. பேர் கூப்பிட்டபின், மலை சொல்லாமல் ஒருவரும் களத்தைவிட்டு அசையக் கூடாது. அடைமழையானாலும் தலையில் கம்பளியைப் போட்டுக்கொண்டு நனைந்தபடி நிற்க வேண்டியதுதான். தோட்டத்தின் இறப்புப் புத்தகத்தையும் அவர்தான் எழுதினார். எழுபத்து நாலில் அரிசியும் மாவும் இல்லாமல் தொழிலாளர் குடியிருந்த லயம் லயமாகச் சனம் சுருண்டு விழுந்தபோது, "பசின்னு எழுதாத" என்று தோட்டத்தை நடத்திய தொரை சொன்னார். அழகமுத்து எழுதவில்லை. ஒவ்வொரு பேருக்கு நேரேயும் காய்ச்சல், காய்ச்சல் என்று முத்து முத்தான கையெழுத்தில் எழுதிக்கொண்டே போனார்.

அடுத்த வருஷம் தோட்டம் சர்க்கார் கைக்குப் போய், பழைய ஆபீசைக் காலி பண்ணி எல்லாவற்றையும் எரித்தபோது, இந்தப் புத்தகத்தை மட்டும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஏனென்று அவருக்கே விளங்கவில்லை. எரிக்கவும் மனம் வரவில்லை, வீட்டில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கவும் முடியவில்லை. பழைய பதிவுகளைச் சேர்த்துவைக்க டவுனில் ஓர் ஆவணக் காப்பகம் திறந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அப்பாடா என்றிருந்தது. சர்க்கார் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டால் தனக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

"முதல்லை இதிலை ஒப்பம் வையுங்கோ ஐயா," என்று ஒரு தாளை நீட்டினார் சுசீலாதேவி. "புத்தகத்திலை உள்ளது எல்லாம் உண்மை எண்டு."

அழகமுத்து கையெழுத்துப் போட்டார்.

"இனிப் பேரை உரத்து வாசியுங்கோ. நான் அட்டவணை எழுதவேணும்."

"பழனிமுத்து, அம்பத்திரண்டு வயசு, மூணாம் லயம், காய்ச்சல்..."

ஏழெட்டுப் பேர் ஒழுங்காகத்தான் போயின. அதற்குப்பிறகு பழக்கதோஷம் வேலையைக் காட்டியது. குரல் தானாக உயர்ந்தது. பெரட்டில் கூப்பிடுவதுபோலப் பேரின் கடைசியை இழுத்து, பதிலுக்கு ஒரு கணம் நிறுத்தினார்.

"கிருஷ்ணம்மாஆ..."

"ஐயா."

விறாந்தையிலிருந்து வந்தது, ஒரு பெண்குரல். அழகமுத்து திரும்பினார். யாரும் இல்லை. வாசலில் இருந்த வெயில் மட்டும் மங்கிவிட்டிருந்தது.

"ஏன் நிப்பாட்டிட்டியள்?"

"ஒண்ணுமில்லீங்கம்மா."

மெதுவாக வாசிக்கலாம் என்றுதான் நினைத்தார். வாய் கேட்கவில்லை. பொன்னையாஆ. ஐயா. ஒவ்வொரு பேருக்கும் ஒரு பதில், ஒவ்வொரு பதிலோடும் வெறுங்கால்கள் சேற்றை மிதிக்கும் சத்தம், கூடைக்கயிறு உரசும் சத்தம், வாயைப் பொத்திக்கொண்டு இருமும் சத்தம். பெண்கள் இடப்பக்கம், ஆண்கள் வலப்பக்கம். களத்தில் நிற்கிற அதே வரிசை. கம்பளி வாடை அவர் தொண்டைவரை இறங்கியது. நிறுத்த வேண்டும் என்று பதறினார். அடுத்த பேர் வந்துவிட்டது.

"எல்லாருக்கும் ஒரே காய்ச்சலோ ஐயா?" சுசீலாதேவி தலை நிமிராமல் கேட்டார்.

அழகமுத்துவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "இல்லீங்கம்மா. காய்ச்சல் இல்ல. பசி. பட்டினி கெடந்து செத்தாங்க. நான்தான் பொய் எழுதுனேன். வெட்டிட்டு மாத்தி எழுதிக் குடுத்துர்றேங்க."

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். முகத்தில் கோபமில்லை, இரக்கம்தான் இருந்தது. "ஏலாது ஐயா. உண்மை எண்டு நீங்கள்தானே ஒப்பம் வைச்சனீங்கள். பதிவிலை இனி ஒரு எழுத்தும் மாத்த ஏலாது. மிச்சத்தை வாசியுங்கோ, நாலு மணியாகுது."

மிச்சம் ஒரு வரி, நாற்பத்தோராவது. பாப்பம்மாவின் குழந்தை. பெண். எட்டு மாதம். பேர் வைக்கவில்லை.

பல்லைக் கடித்தார். வாய் திறந்தது.

"பாப்பம்மா மகஅ..."

பதில் இல்லை. ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. கைப்பிள்ளை பெரட்டுக்கு வராது. வராது.

"ஐயா."

பக்கத்தில். நாற்காலிக்குப் பின்னால்.

சுசீலாதேவி புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பூட்டி, குடையை எடுத்துக்கொண்டு, "வாறன் ஐயா, காவல்காரர் கதவைப் பூட்டுவார்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அழகமுத்து பார்த்துக்கொண்டே இருந்தார். வாசலில் வரிசையாக நின்றவர்கள் அந்த அம்மாவுக்கு விலகி வழிவிட்டார்கள். போனதும் மறுபடி சேர்ந்துகொண்டார்கள்.

விறாந்தை. முற்றம். கேற். கேற்றுக்கு அப்பால் தெரு. தலையில் கம்பளி, இடுப்பில் படங்குச் சாக்கு, முதுகில் வெறுங்கூடை. ஒட்டிய கன்னங்கள் எல்லாம் அவர் பக்கம்.

"எந்த மலைக்குங்க, ஐயா?"

நாலாம் நம்பர் மலை. ஏழாம் நம்பர் மலை. எல்லாம் மனப்பாடம். ஒன்றாவது சொன்னால் போதும், கலைந்துவிடுவார்கள். நாக்கு அசையவில்லை. இருபத்தாறு வருஷம் சொன்ன வாயில் இப்போது காற்றுக்கூட வரவில்லை.

ஒருவரும் அசையவில்லை. மலை சொல்லாமல் அசைய மாட்டார்கள்.

பின்னாலிருந்து ஏதோ அவர் காலை உரசிக்கொண்டு போனது. பெண்கள் வரிசையின் கடைசியில் போய், இன்னும் நடக்கப் பழகாத கால்களில் நேராக நின்றது. தன்னைவிடப் பெரிய கூடையின் கயிற்றை நெற்றியில் சரிசெய்துகொண்டு, மற்றவர்களைப்போலவே அவர் வாயைப் பார்த்தது.