ஓடாத கூடைப்பந்து

பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து மைதானத்தில் பாதியைச் செங்கல் தின்றுவிட்டது.

மீதியில் கொஞ்சத்தை மணல் தின்றது. கலவை இயந்திரம் ஒரு மூலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. புது வகுப்பறைகள் கட்டுகிறார்கள். நான்கு மாத வேலை. ஒரு கம்பத்தை முதல் நாளே கழற்றிவிட்டார்கள். இன்னொரு கம்பமும், அதன் வளையமும், அதற்கு முன்னால் ஒரு வகுப்பறை அளவுக்குத் தரையும்தான் பிள்ளைகளுக்கு மிஞ்சியது. பின்பக்கமும் இடப்பக்கமும் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் விளையாட்டு, அந்தப் பக்கம் வேலை.

அந்தத் துளி இடத்தில் பத்துப் பேர் ஓடினால் என்ன ஆகும்? ஒருவன் முழங்கை இன்னொருவன் மூக்கில் இருக்கும். பந்து கயிற்றைத் தாண்டிவிடும். அன்றைக்கு மூன்றாவது தடவையாகத் தாண்டி, குழைத்து வைத்த கலவையில் ‘பொளக்’ என்று விழுந்தது. பக்கத்தில் நின்ற கொத்தனாரின் மீசை சாம்பல் நிறமானது.

மேஸ்திரி பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார். பந்திலிருந்து சிமெண்ட் சொட்டியது.

“யாருது இது?”

எல்லோரும் பந்தை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

“நல்லாக் கேட்டுக்குங்க. சாரத்து மேல ஆள் நிக்குது. கையில கல்லு இருக்குது. பந்து பட்டுக் கால் வழுக்கினா ஆள் எங்க விழுவான்? இன்னொரு தடவை இது கயித்தைத் தாண்டட்டும், இந்தக் கம்பத்தையும் கழட்டி ஓரமாப் போட்டுடுவேன். ஹெச்.எம்.கிட்டயும் சொல்லிட்டேன்.”

அவர் போனதும், “சும்மா மிரட்டுறார்” என்றான் ஏணி. அணித் தலைவன். ஏழாம் வகுப்பிலேயே டீச்சர்களை விட உயரம்.

“மிரட்டல” என்றாள் குண்டூசி. “அங்க எங்கம்மா நிக்கிறாங்க.”

குண்டூசி ஆறாம் வகுப்பு. ஒல்லி உடம்பு, உருண்டைத் தலை. சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பதில்லை. அவளுடைய அம்மா அந்தக் கட்டட வேலையில் சித்தாள். கல் எடுத்துக் கொடுப்பது, கலவை சுமப்பது, எல்லாம் அம்மாதான்.

“அப்போ நாலு மாசம் விளையாட்டே வேணாம்னு சொல்றியா?” என்றான் ஏணி.

“ஓட வேணாம்னு சொல்றேன். நின்ன இடத்துல இருந்து போடுவோம். யார் அதிகம் போடுறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க.”

“ஓடாம என்ன கூடைப்பந்து?”

“கூடை இருக்கு, பந்து இருக்கு. ஓட்டம்னு பேர்ல எங்க இருக்கு?”

ஏணி கொஞ்சம் தள்ளி நின்று இடம் விட்டான்.

குண்டூசி ஒரு செங்கல் துண்டை எடுத்துத் தரையில் மூன்று கோடு இழுத்தாள். கிட்டக் கோட்டிலிருந்து போட்டால் ஒரு புள்ளி. நடுக் கோட்டுக்கு இரண்டு. தூரக் கோட்டுக்கு மூன்று. ஒரு ஆளுக்கு ஒரு நிமிடம். எதிராளி வளையத்துக்கு அடியில் நின்று பந்தை எடுத்துத் தர வேண்டும். விளையாட்டு டீச்சர் விசிலும் கடிகாரமுமாக வந்து நின்றார்.

முதல் இரண்டு நாள் ஒரே கும்மாளம். இதுவரை மைதானம் பக்கமே எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம் வரிசையில் நின்றார்கள். தலையணை கூட வந்தான். வகுப்பில் பாதி நேரம் தூங்குவான், உடம்பும் மெத்து மெத்தென்று இருக்கும், பத்து அடி ஓடினால் மூச்சு வாங்கும். அவன் நின்ற இடத்தில் நின்று ஐந்து புள்ளி எடுத்தான். பாய்ந்து குதித்துப் பந்து போட்டே பழகிய ஏணி எடுத்தது நான்கு.

“கையைக் கட்டிப் போட்ட மாதிரி இருக்கு” என்று முணுமுணுத்தான் ஏணி.

“கால்தானேடா கட்டியிருக்கு!” என்றான் ரேடியோ. ரேடியோவுக்கு வாய் நிற்காது. யார் விளையாடினாலும் பக்கத்தில் நின்று வர்ணனை சொல்வான். யாரும் கேட்காவிட்டாலும் சொல்வான்.

மூன்றாம் நாள் வினை ஆரம்பித்தது. எதிராளிதான் பந்தை எடுத்துத் தர வேண்டும் இல்லையா? அவனுக்கு என்ன அவசரம்? ஒருத்தி பந்தைக் கையில் வைத்துக்கொண்டு செருப்பைச் சரி செய்தாள். ஒருவன் குழந்தைக்கு உருட்டுவது போல மெதுவாக உருட்டினான். இன்னொருவனுக்குச் சரியாக அந்த நேரம் பார்த்துத் தும்மல் வந்தது. ஒரு நிமிடத்தில் மூன்று பந்து போடுவதே பெரும்பாடானது.

ரேடியோவின் முறை. வளையத்துக்கு அடியில் ஏணி. ரேடியோ ஏற்கெனவே நான்கு புள்ளி எடுத்துவிட்டான். இன்னும் ஒன்று எடுத்தால் ஏணி தோற்றான். ஏணி பந்தை எடுக்கக் குனிந்தான், குனிந்தான், குனிந்துகொண்டே இருந்தான்.

“நேயர்களே, அண்ணன் கீழே போய்ச் சேர இன்னும் பத்து நிமிஷம் ஆகும்!” என்று கத்தினான் ரேடியோ. “கட்டுச் சோறு கட்டிக்கிட்டுத்தான் போயிருக்கார்!”

எல்லோரும் சிரித்தார்கள். ஏணிக்கு முகம் சிவந்தது. “இந்தா, பிடி!” என்று முழுப் பலத்தோடு வீசினான்.

பந்து ரேடியோவின் தலைக்கு மேலே பறந்தது. கயிற்றைத் தாண்டியது. சாரத்துக் கம்பில் மோதித் திரும்பி, கல் வாங்கக் கை நீட்டிய ஒரு அம்மாவின் கையில் பட்டது. இரண்டு செங்கல் நழுவித் தரையில் விழுந்து நொறுங்கின. அவருடைய பாதத்துக்கும் செங்கல்லுக்கும் இடையே ஒரு சாண் இடம்தான்.

அது குண்டூசியின் அம்மா.

அம்மா காலை ஒரு தடவை பார்த்தார், குண்டூசியை ஒரு தடவை பார்த்தார். அடுத்த கல்லுக்குக் கை நீட்டினார். திட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை என்று குண்டூசிக்குத் தோன்றியது.

மேஸ்திரி பெரிய ஸ்பேனரோடு வந்தார்.

“மேஸ்திரி மாமா, ஒரு நிமிஷம்!” குண்டூசி கம்பத்துக்கு முன்னால் போய் நின்றாள். “நாளைக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க விளையாடுறோம். பந்து ஒரு தடவை கூடக் கயித்தைத் தாண்டாது. தாண்டலைன்னா கம்பம் இருக்கட்டும்.”

“தாண்டினா?”

“நாங்களே கழட்டித் தர்றோம்.”

“உனக்கு ஸ்பேனரைத் தூக்கவே தெம்பு இல்ல” என்றார் மேஸ்திரி. சாரத்தைத் திரும்பிப் பார்த்தார். சாப்பாட்டு நேரத்தில் சாரத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். “சரி. நாளைக்கு ஒரு நாள்.”

சொல்லிவிட்டாளே தவிர, எப்படி என்று குண்டூசிக்குத் தெரியவில்லை. பள்ளி விட்ட பிறகும் அம்மாவுக்கு ஒரு மணி நேர வேலை இருந்தது. எப்போதும் போல மணல் மேட்டில் உட்கார்ந்து வீட்டுப்பாட நோட்டைத் திறந்தாள். கண் நோட்டில் நிற்கவில்லை. கல் போகும் வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்கு பேர் வரிசை. முதல் ஆள் அடுக்கிலிருந்து இரண்டிரண்டு கல்லாக எடுத்து வீசுவார். அடுத்தவர் பிடித்து அதற்கு அடுத்தவருக்கு வீசுவார். அம்மா மூன்றாவது. நான்காவது, பக்கத்து வீட்டு அக்கா. அவர் சாரத்தின் மேலே நின்று வாங்கி அடுக்குவார்.

அம்மாவுக்கும் அந்த அக்காவுக்கும் நான்கு நாளாகப் பேச்சு இல்லை. டிபன் டப்பா மூடி மாறிப்போன தகராறு. எந்த மூடி யாருடையது என்று இன்னும் தீரவில்லை. சாப்பிடும்போது முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்காருவார்கள்.

ஆனால் கல் மட்டும் ஒழுங்காகப் போனது. அம்மா முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு வீசினார். கல் அக்காவின் நெஞ்சுக்கு நேராகப் போய், ஒரு நொடி நின்று, அவர் கைக்குள் உட்கார்ந்தது. அக்காவும் உர்ரென்ற முகத்தோடுதான் வாங்கினார். கை மட்டும் சரியான இடத்தில் இருந்தது.

“நூத்திப் பத்து... நூத்திப் பன்னெண்டு...” கொத்தனார் மேலே இருந்து எண்ணினார்.

அம்மா வீசியது எத்தனை, அக்கா வாங்கியது எத்தனை என்று யாரும் தனித்தனியாக எண்ணவில்லை. மேலே போய்ச் சேர்ந்தது எத்தனை, அவ்வளவுதான்.

குண்டூசி துள்ளி எழுந்தாள். நோட்டு மணலில் சரிந்தது.

“எங்கடி ஓடுற? வீட்டுப்பாடம்?” என்று அம்மா கத்தினார்.

“இதுதாம்மா வீட்டுப்பாடம்!”

மறுநாள் மத்தியானம் கயிற்றுக்கு அந்தப் பக்கம் வேலையாட்கள் டிபன் டப்பாவோடு செங்கல் அடுக்கு மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மேஸ்திரி ஸ்பேனரை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்.

“விதி மாறிடுச்சு” என்றாள் குண்டூசி. “எதிராளி பந்து எடுத்துத் தர வேணாம். ரெண்டு ரெண்டு பேர் ஜோடி. ஒரு நிமிஷம் ஒருத்தர் போடணும், மத்தவர் எடுத்துத் தரணும். அடுத்த நிமிஷம் மாத்திக்கணும். ரெண்டு பேர் புள்ளியும் ஒரே கணக்கு.”

டீச்சர் புருவத்தை உயர்த்தினார். “அதாவது, மோசமா எடுத்துக் கொடுத்தா...”

“தனக்குத்தானே குழி வெட்டிக்கிற மாதிரி டீச்சர்.”

“யார் யார் ஜோடி?” என்றான் ஏணி.

“நீயும் ரேடியோவும்.”

“இவன் கூடவா? இவன் வாயை மூடவே தனியா ஒரு ஆள் வேணும்!”

“நான் பந்தை வாயால எடுக்கப் போறதில்ல” என்றான் ரேடியோ. ஆனால் அவன் முகமும் நன்றாக இல்லை.

“நேத்து பந்து தாண்டினது உங்க ரெண்டு பேராலதான்” என்றாள் குண்டூசி. “பேச வேணாம். பந்தை மட்டும் கையில குடுங்க.”

குண்டூசிக்கு ஜோடி தலையணை. யாரும் அவனைக் கூப்பிடாததால் தூணில் சாய்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். “வா” என்றதும் அவனே பின்னால் திரும்பிப் பார்த்தான், வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்று.

விசில் ஊதியது. ஜோடி ஜோடியாக வந்தார்கள். செருப்பு யாருக்கும் கழலவில்லை. தும்மல் யாருக்கும் வரவில்லை. பந்து விழுந்ததும் பாய்ந்து எடுத்தார்கள், நெஞ்சுக்கு நேராகக் கொடுத்தார்கள். “இந்தா! போடு! இன்னொண்ணு!” என்று ஒரே சத்தம். நேற்று மூன்று பந்து போட்டவர்கள் இன்று பதினான்கு போட்டார்கள்.

தலையணை வளையத்துக்கு அடியில் கையை விரித்து நின்றான். பந்து எந்தப் பக்கம் வந்தாலும் அவன் மேல்தான் பட்டது. பட்டதைப் பிடித்துக் கொடுத்தான். அவனைத் தாண்டி ஒரு பந்து போகவில்லை. குண்டூசி பதினொன்று எடுத்தாள், அவன் ஆறு எடுத்தான். மொத்தம் பதினேழு.

“சபாஷ்டா தம்பி!” என்று செங்கல் அடுக்கிலிருந்து கொத்தனார் கத்தினார். தலையணைக்குக் காது வரை சிரிப்பு.

கடைசி ஜோடி ஏணியும் ரேடியோவும். முதலில் ரேடியோ போட்டான், ஏணி எடுத்துக் கொடுத்தான். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டுதான் கொடுத்தான். ஆனால் சரியாகக் கொடுத்தான். ஏழு.

பிறகு ஏணி. ரேடியோ அதிசயமாக வாயை மூடிக்கொண்டிருந்தான். ஏழு, எட்டு, ஒன்பது என்று ஏணியின் புள்ளி ஏறியது. மொத்தம் பதினாறு.

“பத்து நொடி!” என்றார் டீச்சர்.

ஏணி வீசிய பந்து வளையத்தின் விளிம்பில் ‘டங்’ என்று அடித்து, இடப்பக்கம் கயிற்றை நோக்கித் தெறித்தது.

மேஸ்திரி எழுந்து நின்றார். குண்டூசி கண்ணை மூடிக்கொண்டாள்.

ரேடியோ மூன்று எட்டில் பாய்ந்து விழுந்தான். வயிறு தரையில் தேய, கயிற்றுக்கு இரண்டு விரல் முன்னால் பந்தை அணைத்தான். படுத்தபடியே தள்ளினான். பந்து நடுக் கோட்டில் நின்ற ஏணியின் நெஞ்சுக்கு நேராகப் போனது.

“போடுடா அண்ணே!”

ஏணி போட்டான். வலை ‘சரக்’ என்றது. விசில் ஊதியது.

பதினெட்டு!

குண்டூசி கணக்கை இன்னொரு தடவை கூட்டிப் பார்த்தாள். ஒரு புள்ளியில் தோற்றால் யாருக்குத்தான் மனசு ஆறும்? அப்போதும் பதினெட்டுதான். அதற்குள் ஏணி, ரேடியோவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். ரேடியோவின் சட்டையில் இரண்டு பொத்தான் இல்லை.

“நேயர்களே, இங்கிருந்து பார்த்தால் ஊரே தெரிகிறது!” என்று மேலே இருந்து கத்தினான் அவன்.

குண்டூசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மேஸ்திரி கயிறு வரை வந்தார். “தாண்டல” என்றார். கொஞ்சம் ஏமாற்றமாகச் சொன்னாரா, சந்தோஷமாகச் சொன்னாரா என்று யாருக்கும் புரியவில்லை. “கம்பம் இருக்கட்டும். ஆனா சாப்பாட்டு நேரத்துல மட்டும்தான் ஆட்டம். எங்களுக்கும் பார்க்க வேணாமா?”

அம்மா அங்கேயிருந்தே கையை உயர்த்தி ஆட்டினார். கையில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது.

மறுநாள் காலையில் அறிவிப்புப் பலகையில் விளையாட்டு விழாப் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். ஓட்டம், நீளம் தாண்டுதல், கயிறு இழுத்தல். எல்லாவற்றுக்கும் கீழே, டீச்சரின் கையெழுத்தில் புதிதாக ஒரு வரி: ‘ஜோடிக் கூடை.’ சேர விரும்புபவர்கள் பெயர் எழுத, பக்கத்தில் ஒரு பேனா நூலில் தொங்கியது.

பலகைக்கு முன்னால் ஒரே நெரிசல். கூட்டத்துக்கு நடுவில் தலையணை நின்றான். ஆறு வருடமாக அந்தப் பலகையில் எந்த விளையாட்டிலும் அவன் பெயர் ஏறியதே இல்லை. இன்றைக்கு மணி அடிப்பதற்கு அரை மணி முன்பே பள்ளிக்கு ஓடி வந்திருக்கிறான். மூச்சு வாங்கிக்கொண்டு பேனாவைப் பிடித்தான். முதல் வரியில் தன் பெயரைப் பெரிதாக எழுதினான்.

அதற்குப் பக்கத்திலேயே குண்டூசியின் பெயரையும் எழுதினான். அவளிடம் ஒரு வார்த்தை கூடக் கேட்கவில்லை.