ஓரங்கட்டிய உளி

"இந்த நிரலைப் பூங்கோதை திருத்திக்கொண்டிருக்கிறார். சற்றுக் காத்திருக்கவும்."

திரையில் வந்த வரியை இரண்டு முறை படித்துவிட்டுப் பூங்கோதை டீ டம்ளரைக் கீழே வைத்தாள். இதென்ன கூத்து! பூங்கோதை அவள்தான். இப்போதுதான் வந்து உட்கார்ந்திருக்கிறாள். ஒரு வரியைக்கூட இன்னும் தொடவில்லை.

நாகப்பட்டினத்துக் கடற்கதவு நிலையத்தில் அவளுக்கு வேலை. கடல் ஏறும்போது மூடி, இறங்கும்போது திறக்கும் அந்தக் கதவுகளின் நிரல் அவள் பொறுப்பு. வேறு யாரும் அதில் கைவைக்க முடியாது. கடவுச்சொல் என்ற தொல்லை ஒழிந்து பல காலம் ஆயிற்று, இப்போது கைதான் சாட்சி. விசைப்பலகையில் ஒருவர் எந்த விசையில் தயங்குவார், எதிலிருந்து எதற்கு எவ்வளவு வேகமாகத் தாவுவார் என்ற விரல்நடையை நடைமானி என்ற கருவி அளக்கும். நூற்றுக்குத் தொண்ணூறைத் தாண்டினால் நீங்கள் நீங்கள்தான். தாண்டாவிட்டால் பெற்ற தாயே வந்து சத்தியம் செய்தாலும் செல்லாது.

அப்படியானால் அவள் பேரில் உட்கார்ந்திருப்பது யார்? பூங்கோதையின் சந்தேகம் நேராக அடுத்த மேசையில் இருந்த ராயப்பன்மேல் போய் விழுந்தது. அதற்குக் காரணம் இருந்தது.

நிரல் எழுதுகிறவர்களுக்குள் இரண்டு கட்சி. ஒன்று உளிக்காரர், மற்றது மண்டபக்காரர். உளி என்பது ஒரு சின்ன உரைதிருத்தி. சுட்டி கிடையாது, பொத்தான் கிடையாது, எல்லாம் ஒற்றை விசைகள்தாம். நாளாக ஆக அது பிடித்த கையைப் படித்துவிடும். பாதி வரி அடித்தால் மீதியை அதே கையின் நடையில் அதுவே அடித்து முடிக்கும். மண்டபமும் உரைதிருத்திதான், ஆனால் அகலமானது. கடிதம், நாட்காட்டி, மீன் குழம்புக் குறிப்பு வரைக்கும் அதற்குள்ளேயே உண்டு. எது மேல் என்று கேட்டுவிட்டால் போதும், டீக்கடையில் பெஞ்சு பறக்கும். பெண் பார்க்கப் போன இடத்தில் இதைக் கேட்டுவிட்டு பஜ்ஜியைத் தொடாமல் எழுந்து வந்தவர்களும் உண்டு.

பூங்கோதை பதினைந்து வருடம் உளிக்காரி. "இன்னும் எத்தனை நாளைக்கு அந்தக் கல்லைக் கொத்திக்கிட்டிருப்பே?" என்று ராயப்பன் அரித்தெடுத்ததில்தான் மனசு மாறி மண்டபத்துக்கு வந்தாள். மாறுகிறவர்களுக்கு ஒரு மாதம் 'விருந்தினர்' என்று சலுகை உண்டு, அதுவரை நடைமானி அளக்காமலே உள்ளே விடும். மூன்று வாரமாகப் பயிற்சிப் பாடங்களோடு மல்லுக்கட்டிவிட்டு, இன்றைக்குத்தான் கதவு நிரலைத் திறந்தாள். திறந்தால் இப்படி.

"ராயப்பா, உண்மையைச் சொல்லு. என் பேர்ல யாரு உட்காந்திருக்கா?"

"என்னைய ஏன் முறைக்கிற? நான் தட்டுனா இடி இடிக்கிற மாதிரி இருக்கும். என் கையில உன் நடை வருமா?"

"மாறு மாறுன்னு என் உசுர எடுத்தது நீதானே? என்னைய எழுப்பி விட்டுட்டு எடத்தைப் புடிக்கப் பாக்குறியா?"

"அடிப்பாவி! மண்டபம் நல்லாருக்குன்னு சொன்னது ஒரு குத்தமா?" ராயப்பனுக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து, அந்த இன்னொரு பூங்கோதை செய்த திருத்தங்களைத் திரையில் விரித்தான்.

பூங்கோதை ஒவ்வொன்றாகப் படித்தாள். ஒரு திருத்தம்கூடத் தப்பில்லை. வடக்குக் கதவு சற்று முந்தி மூட வேண்டும் என்று அவளே பல நாள் நினைத்திருந்தாள், அது செய்யப்பட்டிருந்தது. ஓரத்தில் ஒரு குறிப்பு வேறு: 'இதை எவனோ தூங்கிக்கொண்டே எழுதியிருக்கிறான்.' அது அவளுடைய திட்டுதான். அவள் வாயில் வரும் வார்த்தை அப்படியே.

ராயப்பன் மெல்லக் கேட்டான். "மண்டபத்துக்கு வந்த அன்னிக்கு உளியை மூடுனியா?"

பூங்கோதை நாக்கைக் கடித்துக்கொண்டாள். உளிக்காரர்கள் உளியை மூடுவதே இல்லை. ஒரு விசையைத் தட்டிப் பின்னணிக்கு ஓரங்கட்டிவிட்டு வேறு வேலை பார்ப்பார்கள், அப்புறம் இழுத்துக்கொள்வார்கள். மூடத் தெரியாமல் விழிக்கும் புதியவர்களைக் கேலி செய்வது அவர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. அன்றைக்கும் பழக்கதோஷத்தில் பாதி வரியோடு ஓரங்கட்டிவிட்டு வந்துவிட்டாள்.

"பாதி வரியிலயா விட்டே?"

"ஆமா."

"அது மீதியை முடிச்சிருக்கும். போதும்னு சொல்ல ஆளில்ல. அடுத்த வரிக்குப் போயிருக்கும்."

அவள் பதறிப்போய் மண்டபத்திலிருந்தே உளியை நிறுத்தும் கட்டளையை அடித்தாள். 'பூங்கோதையின் அனுமதி தேவை' என்று பதில் வந்தது. கூடவே நடைமானி சிவந்து கூவவும், தலைமைப் பொறியாளர் கமருன்னிசா வந்து நின்றார்.

விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் நெற்றியைச் சுருக்கினார். "மூணு வாரமா வேலை பிரமாதமா இருந்துச்சே. அது நீங்க இல்லையா?"

"இல்ல மேடம். நான்தான் பூங்கோதை."

"அடிச்சுக் காட்டுங்க."

அடித்தாள். மண்டபத்தின் விசைகள் இன்னும் கைக்குப் பழகவில்லை. போதாக்குறைக்கு, உளியின் பழைய ஒற்றை விசைகளைக் கை தன்பாட்டில் அழுத்த, அவை வரிக்கு நடுவே வெறும் எழுத்துகளாக வந்து விழுந்தன. நடைமானி நாற்பத்தொன்று என்றது. உள்ளே இருந்த இன்னொருத்திக்குத் தொண்ணூற்றொன்பது.

கமருன்னிசாவின் பார்வை மாறிவிட்டது. "உங்க முகம் எனக்குத் தெரியுதும்மா. ஆனா முகத்தை வச்சு நான் கதவைக் குடுக்க முடியாதே. நாளைக்கு வேற ஒருத்தி இதே முகத்தோட வந்தா?"

பதினைந்து வருடப் பிழைப்பு. பூங்கோதைக்குக் கண் கலங்கியது. "உளியில உட்காந்தா என் நடை வந்துடும் மேடம். ஒரே ஒரு தடவை."

அவர் சரி என்று தலையசைத்தார். நடைமானியின் முள்ளில் வைத்த கண்ணை எடுக்கவில்லை.

பின்னணியிலிருந்து உளியை இழுத்ததும் கறுப்புத் திரை விரிந்தது. அப்பாடா! தாய்வீட்டுக்கு வந்ததுபோல விரல்கள் தாமாக இடம் பிடித்தன. இருக்கும் கோபத்தையெல்லாம் சேர்த்து அவள் முறையீட்டை அடிக்கத் தொடங்கினாள்: 'என் பெயரில் வேறு எவளோ'

'எவளோ'வை அடித்து முடிப்பதற்குள் அடுத்த சொல் வந்துவிட்டது. பூங்கோதை திடுக்கிட்டுக் கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். திரையில் எழுத்துகள் நிற்கவில்லை. அவள் தயங்கும் இடத்தில் தயங்கி, அவள் தாவும் இடத்தில் தாவி, வரி அழகாக முடிந்தது.

'என் பெயரில் வேறு எவளோ மண்டபத்தில் விருந்தினராக உட்கார்ந்திருக்கிறாள். ஒழுங்காக ஒரு வரி அடிக்கத் தெரியவில்லை. அவளை நீக்கவும்.'

நடைமானி நூறைத் தொட்டது.

"இது! இதுதான் எங்க பூங்கோதை!" கமருன்னிசாவுக்கு வாயெல்லாம் பல். முள்ளைப் பார்த்தபடியே, விருந்தினரை நீக்கும் அனுமதிப் பொத்தானை அழுத்தினார்.

ராயப்பன் மட்டும் பூங்கோதையின் மடியில் கிடந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.