பின்னால் காட்டிய கட்டைவிரல்

எமெட்டேரியா ஓடி வந்து பிடித்த பிடியில் மீன் கடை மேஜையே ஆடிப்போனது.

"அண்ணே, அவரப் புடிச்சு வச்சிருக்காங்க! தங்கத் தவளையக் காணோம். உன் மச்சான்தான் எடுத்தார்னு சாயங்காலப் படகுல ஜெயிலுக்கு ஏத்தப் போறாங்க!"

அவள் அண்ணன் கிறிஸ்பின், வாய்க்குக் கொண்டுபோன மீன் துண்டைத் தட்டிலேயே போட்டான். ஏரிக்கரையிலுள்ள கோபகபானா துறையிலிருந்து ஏரி நடுவேயுள்ள சூரியத் தீவுக்குப் பயணிகளை அழைத்துப் போகும் வழிகாட்டி அவன். டிட்டிகாகா ஏரியைப் பற்றிப் பேசச் சொன்னால் விடிய விடியப் பேசுவான். தங்கை புருஷன் நிகானோர் தீவுப் பயணிகளின் படகோட்டி. அடுத்தவர் துடுப்பைக்கூடக் கேட்காமல் தொடமாட்டான்.

எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணி இன்ஸ்பெக்டர் பசீலியா கலிசாயா. லா பாஸிலிருந்து விடுமுறைக்குச் சொந்த ஊர் வந்திருந்தார். அவர் துப்பறிந்த வழக்குகளைத் தானே துப்பறிந்ததுபோல் ஊரெல்லாம் சொல்லிப் பெருமையடிப்பது கிறிஸ்பினின் வேலை. பசீலியா தட்டை நகர்த்தி வைத்தார்.

"முதல்ல மூச்சு விடு. அப்புறம் சொல்லு."

எமெட்டேரியா சொன்னாள். தீவின் உச்சியில் இருக்கும் கல் அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது அந்தத் தவளை. உள்ளங்கை அளவுதான், முன்னோர் ஏரிக்குக் காணிக்கையாகப் போட்டது, ஏரியே திருப்பிக் கொடுத்தது. அதைப் பார்க்கத்தான் உலகமே படகேறி வருகிறது. நேற்று இரவுவரை அது பெட்டியில்தான் இருந்தது, அறைப் பூட்டும் உடைக்கப்படவில்லை. பயணிகளுக்குத் திறந்து காட்ட, சாவி இரண்டு பேரிடம்தான் உண்டு. ஒன்று நிகானோரிடம், இன்னொன்று தீவில் விடுதி நடத்தும் லுத்வினிடம். நிகானோர் இரவு கோபகபானாவில் தங்கிவிட்டு, விடிந்ததும் பயணிகளோடு புதிய சார்ஜென்டையும் ஏற்றிக்கொண்டு தீவுக்குப் போயிருக்கிறான். இறங்கியதிலிருந்து லுத்வின் அந்த சார்ஜென்டுக்கு உபசாரம் செய்துகொண்டு கூடவே இருந்தானாம்.

"அப்போ படகு வந்த பிறகு அறை திறந்திருந்தா நிகானோர். வர்றதுக்கு முன்னாடியே திறந்திருந்தா லுத்வின். அவ்வளவுதானே? வா, போவோம்," என்று எழுந்தார் பசீலியா.

படகில் கிறிஸ்பினால் உட்கார முடியவில்லை. ஆனாலும் பாறைமுனை தாண்டி அந்த நீலம் விரிந்தபோது, தூரத்துப் பனிமலைகள் தண்ணீரின் விளிம்பிலிருந்தே முளைத்தவைபோல் எழுந்தபோது, அவன் மனம் வழக்கம்போலக் கரைந்தது. எத்தனை ஆயிரம் தடவை பார்த்தாலும் அலுக்காத அழகு அது. இப்படிப்பட்ட இடத்தில் திருட எவனுக்கு மனசு வந்தது என்று அவனுக்கு ஆத்திரமாக இருந்தது.

தீவுத் துறையில், பயணிகள் படமெடுத்துக்கொள்வதற்காக லுத்வின் கட்டி வைத்திருந்த கோரைப் படகு மிதந்தது. முகப்பில் கோரையால் செய்த, பூமா என்ற மலைச்சிங்கத்தின் தலை. உடம்பெல்லாம் வைக்கோல் நிறத்தில் காய்ந்திருக்க, கழுத்துக் கட்டு மட்டும் பச்சைப் பசேலென்று இருந்தது. பக்கத்தில் லுத்வின் நின்றிருந்தான்.

ஆத்திரத்திலும் கிறிஸ்பினுக்கு நாக்கு சும்மா இருக்கவில்லை. "என்ன லுத்வின், உன் பூமாவுக்குச் சளியா? கழுத்துல பச்சை மப்ளர் சுத்தியிருக்க!"

"அட போப்பா. போன வருஷப் புயல்ல கழுத்து முறிஞ்சுது. அப்பவே கட்டினது," என்று லுத்வின் கையை முன்னால், ஏரிப் பக்கமாக வீசிக் காட்டினான். "உன் மச்சான் விஷயம் கேட்டேன். மனசே சரியில்ல."

படிகளின் அடியில் சார்ஜென்ட் ரொலாண்டோ கோகா தேநீரை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். தாழ்நிலத்துக் காட்டுப் பகுதியிலிருந்து மாற்றலாகி வந்த மனிதர். மலைக் காற்று அவரைப் பாடாய்ப்படுத்தியது. நிகானோர் விலங்கோடு கல்லில் உட்கார்ந்திருந்தான். எமெட்டேரியா ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

சார்ஜென்ட் எழுந்து சல்யூட் அடித்தார். "சாட்சி இருக்கு மேடம். திக்கோனான்னு ஒரு பெரியவர், மேல ஆடு மேய்ச்சிட்டிருந்தவர். அறைக்கதவு திறந்து கெடந்ததப் பார்த்திருக்கார். அந்த நேரம் படகு வந்தாச்சா இல்லையான்னு கேட்டேன். வந்தாச்சுன்னுட்டார்."

"ஸ்பானிஷ்லயா சொன்னார்?"

"இல்ல மேடம், அய்மாரா. எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. லுத்வின்தான் மொழிபெயர்த்தார். ஆனா அந்தப் பெரியவர் கையக் காட்டினதுலயே எனக்குப் புரிஞ்சுபோச்சு."

"எப்படிக் காட்டினார்? அப்படியே செஞ்சு காட்டுங்க."

சார்ஜென்ட் கட்டைவிரலை நீட்டித் தோளுக்கு மேலாக முதுகுப்பக்கம் இரண்டு தடவை ஆட்டினார். "படகு வந்தது நடந்து முடிஞ்ச கதை, பின்னால போயாச்சுன்னு அர்த்தம்."

கிறிஸ்பினின் வாய் திறந்தது. பசீலியா அவனைப் பார்த்துச் சிரித்தார். "உனக்குப் புரிஞ்சிடுச்சு. சொல்லிடாத, ஒரு கேள்வி பாக்கி இருக்கு." பிறகு சார்ஜென்டிடம் திரும்பினார். "ஐயா, நீங்க நேத்திக்கு என்ன சாப்பிட்டீங்கன்னு உங்களுக்குத் தெரியும். நாளைக்கு என்ன சாப்பிடுவீங்க?"

"அது எப்படித் தெரியும் மேடம்?"

"தெரியாது. நேத்திக்கு நடந்தது கண்ணால பார்த்தது. அதனால எங்க அய்மாரா ஆளுங்களுக்கு அது முகத்துக்கு முன்னால இருக்கு. இனிமே வரப்போறத எவனும் பார்க்கல. அது முதுகுக்குப் பின்னால. எங்க பேச்சும் அப்படித்தான், கையும் அப்படித்தான். திக்கோனா பின்னால காட்டினார்னா, படகு அதுக்கப்புறம்தான் வந்துதுன்னு அர்த்தம்."

"நானும் அப்படித்தாங்க!" என்று கிறிஸ்பின் துள்ளினான். "பழைய ராஜாக்கள் கதை சொல்றப்ப கைய முன்னால நீட்டுவேன். வெளிநாட்டுக்காரங்க எல்லாரும் ராஜா வர்றார்னு நெனச்சு ஏரியப் பார்ப்பாங்க!"

சார்ஜென்ட் படிகளின் உச்சியை நிமிர்ந்து பார்த்தார். "அப்போ படகு வர்றதுக்கு முன்னாடியே கதவு திறந்திருக்கு..."

"உங்க மேல தப்பில்ல. நீங்க வெளியூர். ஆனா மொழிபெயர்த்தவர் இந்தத் தீவுலயே பொறந்தவர்."

அவர்கள் பின்னாலேயே வந்து நின்றிருந்த லுத்வின் ஓரடி பின்வாங்கினான். "அக்கா, நான் வருஷக்கணக்கா நகரத்துல இருந்தவன். அந்தப் பழங்கால வழக்கமெல்லாம் எனக்கு மறந்தே போச்சு."

"மறக்கல தம்பி. இப்போ துறையில 'போன வருஷம்'னு சொல்றப்ப உன் கை எங்க போச்சு? நேரா முன்னால, ஏரிப் பக்கம். வாய் பொய் சொல்லிச்சு. கைக்கு அந்த சாமர்த்தியம் இல்ல." பசீலியா குரலை உயர்த்தவே இல்லை. "அந்தப் பொய்யாவது ஒழுங்காச் சொல்லியிருக்கலாம். போன வருஷம் கட்டின கோரை இன்னைக்கும் பச்சையாவா இருக்கும்? கிறிஸ்பின், பூமாவுக்கு மப்ளரக் கழட்டு."

கிறிஸ்பின் உருண்டு விழாத குறையாகத் துறைக்கு ஓடினான். ஈரம் காயாத பச்சைக் கட்டைக் கத்தியால் அறுத்துக் கழுத்துக்குள் கையை விட்டான். வெளியே வந்த கையில் தங்கத் தவளை வெயிலில் மின்னியது. சின்னத் தவளைதான், ஆனால் கரையில் நின்ற பயணிகள் கூட்டம் மொத்தமும் மூச்சடக்கிப் பார்த்தது. அவன் இருபது வருடம் பேசிப் பேசி உண்டாக்க முடியாத வியப்பு அது.

"ஒரு வெளிநாட்டுக்காரன் விலைக்குக் கேட்டான்," என்று லுத்வின் முணுமுணுத்தான்.

கிறிஸ்பினுக்குப் பெருமை தாங்கவில்லை. "பார்த்தீங்களா எங்க ஊர் அக்காவ? ஒரு கட்டைவிரல வச்சே..." என்று கூட்டத்துக்கு ஆரம்பித்தான். "மீன் ஆறிப்போச்சு, கெளம்பு," என்றார் பசீலியா.

சார்ஜென்ட் நிகானோரின் விலங்கை அவிழ்த்து லுத்வினுக்கு மாட்டினார். விலங்குச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு சங்கடத்தோடு தொண்டையைக் கனைத்தார். "தப்புப் பண்ணிட்டேன்பா. போனது போகட்டும், மறந்துடு," என்று பழக்கதோஷத்தில் கையைத் தோளுக்குப் பின்னால் வீசினார்.

எமெட்டேரியா அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். நிகானோர் சிரிக்கவில்லை. தடித்துச் சிவந்திருந்த மணிக்கட்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டு எழுந்தான். சார்ஜென்டின் கையை மெல்லப் பிடித்து, தன் முகத்துக்கு நேரே முன்னால் கொண்டுவந்து வைத்தான்.

"இங்க இருக்குங்கய்யா. எப்படி மறக்கறது?"